அந்த ரம்பத்துக்கு வயது என்ன?

வானொலியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எதைப் பார்த்தாலும் ‘இது எந்த வருஷம்?’ என்று கேட்போம். நேயர் ஒருவர் தொலைபேசியில் வந்து, ‘சின்ன வயசுல கேட்ட பாட்டு, முதல் வரி ஞாபகம் இல்லை’ என்பார். அந்தச் சின்ன வயது எந்த வருஷம் என்று கண்டுபிடித்தால்தான் பாட்டைத் தேட முடியும். ‘அப்போ நாங்க தோட்டத்துல இருந்தோம்’, ‘அப்பா மோட்டார் சைக்கிள் வாங்கின புதுசு’ என்று அவர் சொல்லச் சொல்ல, நாம் பத்தாண்டைப் பிடித்து, பிறகு வருஷத்தைப் பிடிப்போம்.

இந்த வாரம் பாட்டு இல்லை. ஒரு பழைய மரம் அறுக்கும் மிஷினுக்கு வயது கண்டுபிடித்த கதை. செயின்சா என்று நாம் சொல்லும் சங்கிலி ரம்பம். வயதைத் தேடப் போன இடத்தில், என் பெரியப்பாவின் பத்து விரல்களுக்கும் ஒரு பதில் கிடைத்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வருஷத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: 1929. அந்த ஆண்டுதான் ஜே. ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை. செங்குத்தான மலைக்காட்டைத் தோட்டமாக்க அவர்களிடம் இருந்தவை தொழிலாளர்களின் கைகள், கோவேறு கழுதைகள், ஒரே ஒரு நீராவி உருளை என்று அந்தத் தோட்டத்தின் வரலாறே சொல்கிறது. மரம் சாய்க்கக் கோடரியும் கைரம்பமும்தான்.

அதே 1929இல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் பெட்ரோலில் ஓடும் மரம் வெட்டும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்துத் தூக்க வேண்டிய கனம். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1927இல், எமில் லெர்ப் என்பவர் துரிங்கியாவில் டோல்மார் என்ற மலையில் தன் பெட்ரோல் ரம்பத்தைச் சோதித்துப் பார்த்து, அந்த மலையின் பெயரையே ரம்பத்துக்கும் வைத்தார். பல வீடுகளில் இன்று பார்க்கும் டோல்மார் அப்படி வந்த பெயர்தான்.

ஒரு ஆள் தனியாகத் தூக்கி வேலை செய்யும் ரம்பம் வர இருபது வருஷம் ஆனது. அமெரிக்காவில் 1949இல் மெக்கல்லக் நிறுவனம் 25 பவுண்டு, அதாவது 11 கிலோ சொச்சம் எடையில் ஒன்றைக் கொண்டுவந்தது. மறு வருஷம் ஸ்டீலும் ஒற்றை ஆள் ரம்பத்தை இறக்கியது. ஸ்வீடனின் ஹஸ்க்வார்னா 1959இல்தான் தன் முதல் ரம்பத்தைச் செய்தது.

சங்கிலியின் பல்லுக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி 1946இல் ஒரு மரக்கட்டைக்குள் வண்டின் புழு ஒன்றைப் பார்த்தார். புழு இடமும் வலமும் மாறி மாறிக் கடித்து, நேராகவும் குறுக்காகவும் எந்தச் சிரமமும் இல்லாமல் மரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்த வாயைப் பார்த்து அவர் செய்த பல்தான் இன்றைய செயின்சா சங்கிலிக்கு மூதாதை. இன்னும் பின்னே போனால், 1830 வாக்கில் பெர்ன்ஹார்ட் ஹைனே என்ற ஜெர்மானியர் எலும்பு அறுக்கக் கையால் சுற்றும் சங்கிலிக் கருவி செய்தார். மருத்துவருடைய கையில் பிறந்த சங்கிலி, மரவெட்டியின் கைக்கு வந்து, கடைசியில் எங்கள் விஷயத்தில் மறுபடியும் மருத்துவரிடமே போய்ச் சேர்ந்தது.

எங்கள் குடும்பத்து ரம்பம் ரிங்லெட் பக்கத்தில், பெரியப்பா வீட்டின் பின்கட்டில், உரச் சாக்குக்கு அடியில் கிடந்தது. பெரியப்பா கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ரம்ப ஆளாக இருந்தவர். காற்றில் சாயும் மரம், பாதையை மறிக்கும் மரம், தேயிலைக்கு வெயிலை மறைக்கும் மரம், அடுப்புக்கு விறகு என்று எல்லாம் அவர் கைதான். வேலை முடிந்து தோட்டம் பழைய மிஷினைக் கழித்தபோது, பழைய இரும்பு விலைக்கு அவரே வாங்கிக்கொண்டார். ரம்பத்தின் கம்பெனிப் பெயரை நான் எழுதப்போவதில்லை. அன்றைக்கு வந்த பல கம்பெனி ரம்பங்களும் கையை இப்படித்தான் உலுக்கின. ஒருவரை மட்டும் சொல்வது நியாயமாகாது.

தானா ராத்தாவில் காப்பிக்கடை வைக்கப் போகும் ஒருவர், சுவரில் மாட்டி வைக்க அதை விலைக்குக் கேட்டார். ‘வருஷம் உறுதியாத் தெரிஞ்சா கூடக் கொடுக்கலாம்’ என்றார். அங்கேதான் பேச்சு தொடங்கியது. அண்ணன் எழுபதுகள் என்றார். அத்தை எண்பதுகள் என்றார். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் எப்போதுமே கோப்பையை அப்படித்தான் பிடிப்பார். ஒரு கையால் பிடித்தால் நழுவிவிடும். மலையில் குளிர் இறங்கும் விடியற்காலையில் அவருடைய விரல்கள் நுனியிலிருந்து நடுக்கணு வரை சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்துவிடும். எங்கே வெளுப்பு முடிகிறது, எங்கே தோலின் நிறம் தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டலாம். அரை மணி நேரம் கழித்து இரத்தம் திரும்பும்போது ஊசி குத்துவதுபோல் வலிக்கும். சட்டைப் பொத்தானைப் போடப் பெரியம்மாதான் வர வேண்டும்.

லயத்தில் இதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள்: ‘சம்சு குடிச்சுக் குடிச்சுக் கை போச்சு.’ தோட்டத்தில் சம்சு எத்தனை குடும்பத்தை அழித்தது என்று நமக்குத் தெரியும். அதனால் அந்தப் பழி சட்டென்று ஒட்டிக்கொண்டது. பெரியப்பா தைப்பூசத்துக்கு விரதம் இருந்து காவடி எடுத்தவர். வாயில் ஒரு சொட்டு வைத்ததில்லை. ஆனாலும் கோப்பை நழுவுகிறதே! மகளுக்கு வரன் பார்த்தபோது, மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் அதைக் கேட்டே விட்டார்களாம். அதற்குப் பிறகு நாலு பேர் கூடும் இடத்தில் அவர் தேநீர் வாங்குவதையே விட்டுவிட்டார்.

போன வருஷக் கடைசியில் விரல் நுனியில் ஆறாத புண் ஒன்று வந்தது. கிளினிக்கில் இளம் டாக்டர் ஒருவர் புண்ணைப் பார்த்ததோடு நிற்காமல் மூன்று கேள்வி கேட்டார். என்ன மிஷின் பிடித்தீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை? முதல் இரண்டுக்கும் பெரியப்பா பதில் சொன்னார். மூன்றாவதுக்கு, ‘ரொம்ப வருஷம் டாக்டர்’ என்றார். டாக்டர் எழுதாமல் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். காப்பிக்கடைக்காரர் கேட்ட அதே கேள்வி. ஆனால் இப்போது அதற்கு வேறு கனம் வந்துவிட்டது.

சரி, ஒரு பழைய ரம்பத்தின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் வீட்டுப் பின்கட்டிலும் ஏதாவது கிடக்கலாம் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன். ரம்பத்துக்கு மட்டும் அல்ல, தையல் மிஷின், தண்ணீர்ப் பம்பு எல்லாவற்றுக்கும் இந்த வழி உதவும்.

முதல் விதி: உருவத்தை நம்பாதீர்கள். நன்றாக ஓடும் ஒரு மாடலைக் கம்பெனிகள் வருஷக்கணக்கில் அதே அச்சில் செய்துகொண்டிருக்கும். அதைப் பார்த்து நகல் செய்தவர்களும் உண்டு. ‘இந்த மாடல் இந்த வருஷம் வந்தது’ என்று தெரிந்தால், அதற்கு முன்பு இல்லை என்பது மட்டும்தான் நிச்சயம்.

இரண்டாவது விதி: பாகத்தின் வயது வேறு, மிஷினின் வயது வேறு. கார்புரேட்டர், பிளக், வெட்டுப்பட்டை, சங்கிலி எல்லாம் பத்து முறை மாறியிருக்கும். வார்ப்பில் ஊறிய எழுத்தையும், உடம்பில் அறைந்த தகட்டையும்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

எங்கள் ரம்பத்தின் தகட்டை அண்ணன் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தார். தொடர் எண்ணில் நடுவில் மூன்று இலக்கம் தேய்ந்து போயிருந்தது. முழுதாக இருந்தால் முகவரிடம் கொடுத்துக் கேட்டிருக்கலாம். ஆனால் அதற்குக் கீழே ‘மேற்கு ஜெர்மனியில் செய்தது’ என்ற ஆங்கில வாசகம் தெளிவாக இருந்தது. மேற்கு ஜெர்மனி என்ற நாடு 1949இல் பிறந்து, 1990 அக்டோபரில் இரண்டு ஜெர்மனியும் ஒன்றானதும் வரலாறாகிவிட்டது. ஆகவே ரம்பம் 1990க்குப் பிந்தியது அல்ல.

அதே தகட்டில் கம்பெனி இருந்த ஊரின் பெயருக்கு முன்னால் நான்கு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தது. மேற்கு ஜெர்மனியில் நான்கு இலக்கக் குறியீடு 1961இல் வந்தது. 1993 ஜூலையில் ஐந்து இலக்கமாக மாறியது. ஆகவே 1961க்கு முந்தியதும் அல்ல. ஒரு விரல் அகலத் தகடு நாற்பது வருஷக் குழப்பத்தை இருபத்தொன்பது வருஷமாகக் குறைத்துவிட்டது.

மூன்றாவது சாட்சி நம் நாட்டுச் சாட்சி. கைப்பிடிக்கு அடியில், எண்ணெய்ப் பிசுக்கு மூடிக் காத்து வைத்திருந்த கடை ஒட்டுத்தாள். பாதி கிழிந்திருந்தாலும் விலைக்கு முன்னால் ‘எம்’ எழுத்தும் டாலர் குறியும் இருந்தன. இளையவர்களுக்கு இது தெரியாது. 1967இல்தான் மலேசியா தன் சொந்த வெள்ளியை வெளியிட்டது. அந்த டாலர் குறி மாறி ‘ஆர்.எம்.’ என்பது அதிகாரபூர்வக் குறியானது 1993இல். ஆகவே ஒட்டுத்தாள் 1967க்கு முந்தியது இல்லை. தகட்டையும் ஒட்டுத்தாளையும் சேர்த்தால், 1967க்கும் 1990க்கும் நடுவில்.

அதற்கு மேல் இரும்பு பேசவில்லை. இனி மனிதர் பேச வேண்டும்.

‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் நம் பெரியவர்களுக்குச் சொல்லத் தெரியாது. ‘அப்போ என்ன நடந்தது?’ என்று கேட்டால் சொல்வார்கள். இது வானொலியில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை. பெரியப்பாவிடம் அப்படித்தான் கேட்டேன். புது மிஷின் வந்த சமயம் தோட்டத்தில் எல்லாரும் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள்?

யோசிக்கவே இல்லை. ‘முகமது அலி பாப்பா! கோலாலம்பூருக்கு வந்து குத்துச்சண்டை போட்டாரே. மன்றத்துல ரேடியோவைச் சுத்தி நின்னு கேட்டோம். மறுவாரம் பெரட்டுல கிராணி என்னைக் கூப்பிட்டு, அலி மாதிரி கை இருக்கே, இந்தா இந்த மிஷின உன் கையில குடுக்கிறேன்னு சொன்னாரு.’

மெர்டேக்கா அரங்கில் முகமது அலி, ஜோ பக்னரோடு பதினைந்து சுற்று மோதி வென்றது 1975இல். பெரியப்பாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது.

‘எப்போ மிஷினை விட்டீங்க?’

‘தாமஸ் கிண்ணம் நாம ஜெயிச்சோமே, அந்த வருஷம். துரை புது மிஷின் வாங்கி வேற பையனுக்குக் குடுத்தாரு.’

மலேசியா சொந்த மண்ணில் இந்தோனேசியாவை வீழ்த்தித் தாமஸ் கிண்ணத்தை வென்றது 1992. ஆக 1975 முதல் 1992 வரை, பதினேழு வருஷம். தகடும் ஒட்டுத்தாளும் காட்டிய இடைவெளிக்குள் அலி கச்சிதமாக வந்து உட்கார்ந்தார். அண்ணன் சொன்ன எழுபதுகள்தான் வென்றது. அத்தை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வயது தெரிந்த பிறகு அண்ணனுக்கு ஆசை வந்துவிட்டது. அவர் ரிங்லெட்டில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். ‘ஓடுற மிஷினுக்குத்தான் மரியாதை’ என்பது அவர் கொள்கை.

முதலில் அவர் கயிற்றை இழுக்கவே விடவில்லை. முப்பது வருஷம் தூங்கிய இஞ்சினை உலர்ந்தபடி சுற்றினால் சிலிண்டர் சுவரில் கீறல் விழும். பிளக்கைக் கழற்றி, துளையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு இரவு வைத்தார். மறுநாள் புகைக்கூண்டைக் கழற்றி, அந்த வாசல் வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பார்த்தார். பிஸ்டன் வழவழப்பாக இருந்தது. அதில் ஆழமான கோடுகள் இருந்திருந்தால் வேலை அங்கேயே நின்றிருக்கும்.

பிறகு பொறி. பழைய ரம்பங்களில் சுழலும் சக்கரத்துக்கு அடியில் ‘பாயிண்ட்’ என்ற சின்னத் தொடுமுனைகள் இருக்கும். கேமரன் மலையின் ஈரத்தில் அவை பச்சை பூத்திருந்தன. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சுத்தமான அட்டைத்துண்டால் துடைத்து, இடைவெளியை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக வைத்தார். பிளக்கை உடம்பில் ஒட்டிப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றியதும் நீலப்பொறி தெறித்தது. பெரியப்பா முதல்முறையாக எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

கார்புரேட்டருக்குள் இருக்கும் ஜவ்வு அப்பளம்போல் விறைத்துப் போயிருந்தது. பெட்ரோலை உறிஞ்சிக் கொடுப்பது அந்த ஜவ்வுதான். அது இருப்பதால்தான் ரம்பத்தை எந்தப் பக்கம் சாய்த்தாலும் இஞ்சின் ஓடுகிறது. அது அந்தக் காலத்தில் பல கம்பெனிகளும் பொதுவாகப் பயன்படுத்திய அமெரிக்கக் கார்புரேட்டர் என்பதால், புது ஜவ்வு இன்றும் கிடைக்கிறது. பெட்ரோல் குழாயையும், சுழல்தண்டின் இரு முனையிலும் இருக்கும் இரப்பர் சீலையும் மாற்றினார். சீல் காய்ந்தால் பக்கவாட்டில் காற்று நுழையும். கலவையில் பெட்ரோலும் எண்ணெயும் குறையும். இஞ்சின் துள்ளலாக ஓடுவதுபோல் தோன்றும், ஐந்தே நிமிஷத்தில் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். பழைய ரம்பத்தைச் சந்தையில் வாங்கி, உடனே முறுக்கிப் பார்ப்பவர்கள் இழப்பது இப்படித்தான்.

எண்ணெய்க் கலவை ஒன்றுக்கு இருபத்தைந்து. இன்றைய ரம்பங்களுக்கு ஒன்றுக்கு ஐம்பது என்று நல்ல எண்ணெய் டப்பாவில் போட்டிருக்கும். பழையதற்குத் தாராளமாகக் கொடுப்பதே பாதுகாப்பு.

வெட்டுப்பட்டையும் சங்கிலியும் மாட்டாமல் அண்ணன் கயிற்றை இழுத்தார். ஏழாவது இழுப்பில் வெள்ளைப் புகையோடு பிடித்தது. பக்கத்து வீட்டு நாய் ஓடிவிட்டது. பெரியம்மா காதைப் பொத்திக்கொண்டார். அண்ணன் என்னிடம் நீட்டினார். இரண்டு கையாலும் பிடித்தேன். ஒரே ஒரு நிமிஷம். கைப்பிடி வெறும் உலோகக் குழாய், நேராக இஞ்சின் உடம்பிலேயே முடுக்கியிருக்கிறது. நடுவில் இரப்பரும் இல்லை, சுருளும் இல்லை. கீழே வைத்த பிறகு என் உள்ளங்கை வெகுநேரம் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுத்தது. அது ஒரு நிமிஷம். பெரியப்பாவுக்குப் பதினேழு வருஷம்.

அதிரும் கருவியால் விரல் வெளுக்கும் என்பது புதிய செய்தி அல்ல. 1862இல் மோரீஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர், குளிரில் விரல்கள் வெளுக்கும் நிலையை விவரித்தார். 1911இல் இத்தாலியில் லொரிகா என்பவர், காற்றழுத்தக் கருவி பிடிக்கும் தொழிலாளர்களிடம் அதையே பார்த்தார். 1918இல் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், இண்டியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் வெட்டுபவர்களின் விரல்களை ஒரு குளிர்காலத்தில் போய்ப் பார்த்து எழுதினார். அப்போது எங்கள் மலையில் தேயிலையே இல்லை.

நடப்பது இதுதான். அதிர்வு விரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் வருஷக்கணக்கில் அடிக்கிறது. குழாய்கள் குளிர் பட்டால் மட்டுக்கு மீறி இறுகிவிடப் பழகுகின்றன. இரத்தம் நின்று விரல் வெளுக்கிறது. நரம்பு கெட்டால் மரத்துப்போகும், பிடி தளரும், பொத்தான் போட முடியாது. வெயில் கொளுத்தும் தாப்பாவில் இருந்திருந்தால் பெரியப்பாவின் விரல் இத்தனை முறை வெளுத்திருக்காது. ரம்பம் கெடுத்ததை மலைக்குளிர் காட்டிக்கொடுத்தது.

உலகத்தில் இதற்கு விடை இல்லாமல் இல்லை. 1960களின் நடுவிலேயே, இஞ்சினுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இரப்பர் வைத்து அதிர்வைத் தடுக்கும் ரம்பங்கள் வந்துவிட்டன. மரத்தில் மாட்டி ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும்போது சங்கிலியை நொடியில் நிறுத்தும் பிரேக்கை ஸ்டீல் நிறுவனம் 1972இல் கொண்டுவந்தது. 1975இல் எங்கள் மலைக்கு வந்த ‘புது’ ரம்பத்தில் இரண்டுமே இல்லை. அதனால்தான் வருஷம் முக்கியம் என்கிறேன். 1965இல் செய்த ரம்பம் என்றால், அன்று பலருக்கும் இருந்தது அதுதான் என்று விட்டுவிடலாம். 1975 என்றால், நல்ல கைப்பிடி உலகில் இருந்தது, பெரியப்பாவின் கைக்கு மட்டும் வரவில்லை என்று அர்த்தம்.

அந்தக் கைப்பிடி வந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பின்லாந்தில் கணக்கு இருக்கிறது. அங்கே காட்டுத் தொழிலாளர்களை 1972 முதல் 1990 வரை தொடர்ந்து பரிசோதித்தார்கள். தொடக்கத்தில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு விரல் வெளுத்தது. முடிவில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான். நடுவில் நடந்த பெரிய மாற்றம், ரம்பத்தின் அதிர்வு. அதை அளக்கும் அலகில், வினாடி வர்க்கத்துக்கு 14 மீட்டராக இருந்தது 2 மீட்டருக்கு இறங்கியது.

இந்த எண்ணை நம் கைக்குக் கொண்டுவருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதிப்படி, எட்டு மணி நேர வேலைக்கு 5 என்பது மீறக்கூடாத எல்லை. 14 அளவு அதிரும் ரம்பத்தைப் பிடித்தால், அந்த எல்லையை எட்ட எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? ஏறத்தாழ ஒரு மணி நேரம். பெரியப்பா ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், சில நாள் ஐந்து மணி நேரம் பிடித்தவர்.

இத்தனையையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுத்தோம்: மிஷினின் வகை, அதிர்வுத் தடுப்பு இல்லாத கைப்பிடியின் படம், 1975 முதல் 1992, நாளுக்கு எத்தனை மணி நேரம். டாக்டர் விரல்களை மறுபடி பார்த்தார், உணர்ச்சியைச் சோதித்தார். ‘குடியாலும் கை மரத்துப் போகலாம் ஐயா. ஆனா இப்படிக் கோடு போட்ட மாதிரி விரல் வெளுக்கிறது அதோட அடையாளம் இல்லை. உங்க வேலையும் உங்க விரலும் பொருந்துது’ என்றார். அட்டையில் அதை எழுதினார். பெரியப்பா, எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். இரண்டு முறை.

அன்று மாலை பிரிஞ்சாங்கில் உறவுக்காரர் வீட்டு விசேஷம். தேநீர் வந்தபோது பெரியப்பா மறுக்கவில்லை. நாலு பேர் நடுவில், கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ‘ரம்பம் பிடிச்ச கை, ஆடும்’ என்றார். கேட்டவர்களுக்கு அலி கதையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார்.

இது பழைய கதை மட்டும் அல்ல. கேமரன் மலையில் இன்று தேயிலையைப் பெரும்பாலும் மோட்டார் வைத்த கருவியால்தான் வெட்டுகிறார்கள். அதைப் பிடிக்கும் கைகளில் பல வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவை. நகரத்தில் சாலை ஓரம் புல் வெட்டும் மிஷின், கட்டுமான இடத்தில் காங்கிரீட் உடைக்கும் கருவி, பட்டறையில் கிரைண்டர் பிடிப்பவர்களில் நம்மவர்களும் நிறைய. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம்.

அவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில. வேலை முடிந்து இருபது நிமிஷத்துக்கு மேல் விரல் குறுகுறுத்தால், மரத்துப்போனால், குளிரில் நுனி வெளுத்தால் அது முதல் எச்சரிக்கை. அந்தக் கட்டத்தில் நிறுத்தினால் விரல் ஓரளவு தேறும். முற்றிய பிறகு தேறுவது கடினம். கருவியைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்காதீர்கள். மழுங்கிய பல்லும் தேய்ந்த இரப்பரும் அதிர்வைக் கூட்டும், உடனே மாற்றுங்கள். விட்டு விட்டு வேலை செய்யுங்கள். கையையும் உடம்பையும் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். புகைப்பிடித்தால் இரத்தக் குழாய் மேலும் இறுகும்.

இன்னொன்றும் உண்டு. சொக்சோ வெறும் விபத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தொழில்சார் நோய்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. அதிர்வால் வரும் நோயும் அதில் சேரும். ஆனால் வேலையை விட்ட பிறகு கேட்பதற்குக் காலக்கெடு உண்டு. பெரியப்பாவுக்கு அது எப்போதோ போய்விட்டது. அவர் பணமும் கேட்கவில்லை. இன்று வேலையில் இருப்பவர்கள் காத்திருக்கக் கூடாது. டாக்டரிடம் ‘கை வலி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன கருவி, எத்தனை வருஷம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ரம்பம் காப்பிக்கடைக்குப் போகவில்லை. சங்கிலி இல்லாமல், தகடு வெளியே தெரியும்படி, அண்ணன் பட்டறையில் அலமாரியின் மேல் இருக்கிறது. மரம் அறுக்க அதை யாரும் எடுக்கக் கூடாது என்பது பெரியப்பாவின் கட்டளை. பிரேக் இல்லாத ரம்பத்தை வேலைக்கு எடுப்பது வீரம் இல்லை என்கிறார், பதினேழு வருஷம் அதைப் பிடித்தவர்.

இந்த வாரம் ஒரு வேலை தருகிறேன். வீட்டில் தோட்டத்திலோ, பாலாக் காட்டிலோ, மில்லிலோ வேலை செய்த பெரியவர் இருந்தால், பசியாறும் நேரத்தில் பக்கத்தில் உட்காருங்கள். என்ன மிஷின் பிடித்தார், நாளுக்கு எத்தனை மணி நேரம், எப்போது தொடங்கி எப்போது விட்டார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். வருஷம் ஞாபகம் இல்லை என்பார். விடாதீர்கள். அலி வந்தாரா, தாமஸ் கிண்ணம் ஜெயித்தோமா, வீட்டுக்குக் கரண்டு வந்ததா என்று கேளுங்கள். அவர்கள் சொல்வார்கள்.